சலூன் அறைக்கு வாடகையா, கொமிஷனா? ஆடி மாதக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

பியூட்டி கல்ச்சர் கோர்ஸ் முடித்துவிட்டு வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அக்கா, சலூனில் ஒரு ரூமை வாடகைக்கு எடுக்கவா, இல்லை கொமிஷனுக்குப் போகவா?" சலூன்கார மிஸ் ஏற்கெனவே ஒரு தொகை சொல்லியிருப்பார், இல்லாவிட்டால் "பாதிக்குப் பாதி" என்றிருப்பார். எது லாபம் என்று நான் உடனே சொல்லிவிட வேண்டும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு.

நான் நுவரெலியாவில் கொமிஷனுக்கு வேலை செய்தவள். அப்புறம் ஹட்டனில் ஒரு சலூனின் பின்னறையை வாடகைக்கு எடுத்தேன். இப்போது மாடியில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். அதன் பின்னறையில் இன்னொரு பிள்ளை இருந்து வேலை செய்கிறாள். வாடகை கொடுத்தும் பழக்கம், வாங்கியும் பழக்கம். அதனால் சொல்கிறேன்: தை மாதத்து வருமானத்தை மனதில் வைத்துக்கொண்டு வாடகை பேசப் போகாதீர்கள். ஆடியில் கையில் என்ன மிஞ்சும் என்று முதலில் பாருங்கள்.

நம் பக்கத்தில் காசு வரும் நாட்கள்

மலைநாட்டில் சலூன் வருமானம் சீராக வருவதில்லை. தோட்டச் சம்பளம் பத்தாம் திகதியை ஒட்டி வரும். அதற்கு அடுத்த சனி, ஞாயிறு ஹட்டன் டவுனில் கால் வைக்க இடமிருக்காது. திரெடிங்குக்கே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். டீச்சர்மார், ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்கள் இருபதுக்குப் பிறகு வருவார்கள். பேஷியல் செய்துகொள்பவர்களில் பாதிப் பேர் இவர்கள்தான். மாதத்தின் முதல் வாரம் மட்டும் வெறிச்சென்று கிடக்கும்.

வருடக் கணக்கும் அப்படித்தான். தை, வைகாசி, ஆவணியில் கல்யாணம். பள்ளிக்கூட விடுமுறையில் சடங்கு வீடுகள். தீபாவளிக்கு முன் தோட்டத்தில் முற்பணம் கொடுத்துவிட்டால் அந்த இரண்டு வாரம் உட்கார நேரமிருக்காது. நுவரெலியா என்றால் ஏப்ரல் சீசன் தனி. ஆடி, புரட்டாசி, மார்கழியில் நம்மவர் கல்யாணம் வைப்பதில்லை. மார்கழியில் நத்தார் வந்து கொஞ்சம் கைகொடுக்கும். ஆடிக்கு அதுவும் இல்லை, மழை வேறு.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலை சீசன் என்பதால் ஹட்டன் எப்போதும் சனக்கூட்டம்தான். "பாருங்க, சீசனுக்கு எவ்வளவு ஆள் வருது" என்று அதைக் காட்டி வாடகை கூட்டிச் சொல்லும் முதலாளிமார் உண்டு. ராத்திரி முழுக்க மலை ஏறி இறங்கி, முழங்கால் வலியோடு பஸ் தேடுகிற யாத்திரிகர் ஒருவர்கூட பேஷியல் செய்ய மாடி ஏறி வந்து நான் பார்த்ததில்லை. தெருவில் நடக்கிற கூட்டம் வேறு, உங்கள் கதவைத் தட்டுகிற கூட்டம் வேறு.

காசு வரும் நாட்களைத் தெரிந்துவைத்திருப்பதில் செலவில்லாமல் கிடைக்கும் ஒரு நன்மை உண்டு. வாடகைத் திகதியை முதலாம் திகதி என்று வைக்கவேண்டாம், பதினைந்தாம் திகதி என்று கேளுங்கள். முதலாம் திகதி உங்கள் கை காலியாக இருக்கும். பதினைந்தில் சம்பள வாரத்துக் காசு கையில் இருக்கும். அநேகமானோர் மறுக்க மாட்டார்கள், அவர்களுக்கும் அந்த வாரம்தான் காசு ஓடுகிறது.

கணக்கை இப்படிப் போடுங்கள்

நான் சொல்லும் எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் ஊர் விலையை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

கொமிஷன் பாதிக்குப் பாதி, கிரீம், வெக்ஸ் எல்லாம் சலூன் செலவு என்று வைப்போம். வாடகை என்றால் மாதம் 20,000 ரூபா, கரண்ட் 3,000, சாமான் உங்களுடையது. சாமான் செலவு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நல்ல மாதம், 140,000 ரூபாவுக்கு வேலை. கொமிஷனில் உங்களுக்கு 70,000. வாடகையில் சாமானுக்கு 28,000, அறைக்கும் கரண்டுக்கும் 23,000 போக 89,000 நிற்கும்.

சாதாரண மாதம், 80,000. கொமிஷனில் 40,000. வாடகையில் 41,000. இரண்டும் ஒன்றுதான்.

ஆடி, 45,000. கொமிஷனில் 22,500. வாடகையில் சாமான் 9,000, அறை 23,000 போக மிஞ்சுவது 13,000.

இந்த உதாரணத்தில் 77,000 ரூபாவுக்குக் கிட்டத்தான் தராசு சமமாக நிற்கிறது. ஆள் ஒன்றுக்குச் சராசரியாக 1,500 ரூபா என்றால், மாதம் ஐம்பது பேர். இருபத்தைந்து நாள் திறந்தால் நாளுக்கு இரண்டு பேர். அதற்குக் கீழே இருப்பவர் கொமிஷனிலேயே இருக்கட்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை. அதற்கு மேலே போய்விட்டவர் கொமிஷன் கொடுத்துக்கொண்டிருந்தால் தன் உழைப்பில் இன்னொருவரின் கடை வாடகையைக் கட்டுகிறார்.

வருடத்துக்கு மொத்தமாகப் பார்த்தால் வாடகை லாபமாகத் தெரியும். ஆனால் ஆடியில் வீட்டுக்குக் கொண்டுபோக 13,000தான் என்றால் கடைக் கடன், சீட்டுக் காசு, பிள்ளையின் டியூஷன் காசு எல்லாம் என்னாவது? மோசமான மூன்று மாதத்துக்கு ஈடுகட்ட முப்பதாயிரமாவது ஒதுக்கி வைக்காமல் வாடகைக்கு இறங்க வேண்டாம். தாலியை அடகு வைத்து வாடகை கட்டுகிற நிலைமை வந்தால் அந்த அறை உங்களுக்கு ஆகாது.

பலர் கேட்காமலே விட்டுவிடும் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. குறைந்த வாடகை, அதோடு குறைந்த கொமிஷன். 10,000 ரூபா நிரந்தரம், வருமானத்தில் நூற்றுக்குப் பதினைந்து, கரண்ட் அதற்குள்ளேயே, சாமான் உங்களுடையது. மேலே சொன்ன அதே மாதங்களுக்குப் போட்டுப் பாருங்கள்: நல்ல மாதம் 81,000, சாதாரண மாதம் 42,000, ஆடியில் 19,250. நல்ல மாதத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து மோசமான மாதத்தில் மூச்சு விடுகிறீர்கள். சலூன்காரருக்கும் நட்டமில்லை; உங்களுக்கு வேலை கூடினால் அவருக்கும் கூடும், அதனால் வருகிறவர்களை உங்கள் பக்கம் அனுப்பி வைப்பார். என் பின்னறையை நான் இப்படித்தான் கொடுத்திருக்கிறேன்.

கொமிஷன் என்றால் எதில் கொமிஷன்?

"பாதிக்குப் பாதி" என்ற சொல்லில் மயங்காதீர்கள். 3,500 ரூபா பேஷியலில் பாதி 1,750. ஆனால் "முதலில் சாமான் காசு 700ஐக் கழிப்போம், மிச்சத்தில் பாதி" என்றால் 1,400தான். அந்த 700ஐ யார் கணக்குப் பார்த்தது? டப்பா ஒன்று எத்தனை பேருக்கு வரும் என்று நீங்களே ஒரு தடவை எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள். கடை போட்ட டிஸ்கவுண்ட் யார் பங்கிலிருந்து போகும், கார்டில் கட்டினால் பேங்க் பிடிப்பது யாருக்கு, கஸ்டமர் கையில் வைத்துவிட்டுப் போகும் சந்தோஷக் காசு யாருக்கு, எல்லாவற்றையும் முதல் நாளே கேளுங்கள். சந்தோஷக் காசு உங்களுக்குத்தான், இதில் பேச்சே இல்லை.

ஒரு கொப்பி வையுங்கள். திகதி, என்ன வேலை, எவ்வளவு, மூன்றே கோடு. கடை மூடும்போது இருவரும் கையெழுத்து. நான் கொமிஷனுக்கு இருந்த ஓர் இடத்தில் மாதக் கடைசியில் தான் கணக்கு. என் ஞாபகமும் அவர்கள் ஞாபகமும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. கொப்பி வந்த பிறகு சண்டை நின்றது. காசையும் மாதக் கடைசிக்கு விடாமல் வாரம் ஒருமுறை வாங்கிவிடுங்கள்.

கொமிஷன் என்ற பெயரில் இன்னொன்றும் நடக்கிறது. காலை ஒன்பதுக்கு வரவேண்டும், யூனிஃபோர்ம் போடவேண்டும், விலை அவர்கள் சொல்வதுதான், லீவு கேட்டுத்தான் எடுக்கவேண்டும் என்றால் நீங்கள் அறை எடுத்தவர் இல்லை, அங்கே வேலைக்கு இருப்பவர். கொமிஷனுக்கு வேலை செய்பவருக்கும் ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) உரிமை உண்டு: உழைப்பில் உங்கள் பங்கு நூற்றுக்கு 8, முதலாளி பங்கு 12. ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) நூற்றுக்கு 3, அது முழுக்க முதலாளி கட்டவேண்டியது. தோட்டத்தில் பிறந்த நமக்கு ஈ.பி.எஃப் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. டவுனுக்கு வந்ததும் அதைக் கேட்க மட்டும் ஏனோ கூச்சம் வந்துவிடுகிறது.

அறையை மழை நாளில் போய்ப் பாருங்கள்

வெயில் நாளில் எல்லா அறையும் நல்ல அறைதான். நல்ல மழை பெய்யும் ஒரு நாள், பின்னேரம் நான்கு, ஐந்து மணிக்குப் போங்கள். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், மூலையில் பூஞ்சணம் மணக்கிறதா என்று பாருங்கள். புதுப் பெயின்ட் அடித்திருந்தால் இரண்டு மடங்கு கவனம்.

பேஷியல் பெட் ஆறடி நீளம். தலைமாட்டில் நீங்கள் ஸ்டூல் போட்டு உட்கார இரண்டரை அடி. ஆக ஒன்பதடி நீளமில்லாத அறையில் நாளெல்லாம் முதுகை வளைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டிவரும். பெட், ட்ரொலி, நடக்கும் இடம் எல்லாம் சேர்த்து அகலம் ஏழடியாவது வேண்டும். லயத்துக் காம்பரா அளவு, பத்துக்குப் பன்னிரண்டு, இருந்தால் தாராளம். உள்ளேயே தண்ணீர்க் குழாயும் பேசினும் இருக்கவேண்டும். வாளியில் தண்ணீர் தூக்கிக்கொண்டு முன் அறை வழியாக நடந்தால் கஸ்டமருக்கு அந்த இடத்தின் மேல் மதிப்பு வராது. பெப்ரவரி, மார்ச்சில் தண்ணீர் வருகிறதா என்று சலூன்காரரிடம் கேட்காமல் பக்கத்துக் கடையில் கேளுங்கள்.

தடுப்பு ப்ளைவூட்டா, சுவரா? கூரை வரை போகிறதா? பெட்டில் படுத்துக் கண்ணை மூடியதும் பெண்கள் மாமியாரிலிருந்து வங்கிக் கடன் வரை பேச ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் பக்கம் ஹெயார் கட்டுக்கு உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்டால் மறுபடி வரமாட்டார்கள். வெக்சிங் செய்யும் அறைக்கு உள்ளே தாழ்ப்பாள் கட்டாயம். ஆண்கள் பகுதி வழியாக நடந்து போகவேண்டிய அறையை சும்மா கொடுத்தாலும் எடுக்கவேண்டாம்.

அதைவிடப் பெரிய விஷயம் துவாய். சிரிக்காதீர்கள். ஒரு பேஷியலுக்கு இரண்டு துவாய், ஒரு தலைப்பட்டி, விரிப்பு. நான்கு பேர் வந்தால் எட்டுத் துவாய். மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை ஹட்டன், கினிகத்தேனைப் பக்கம் அது காயாது. பாதி காய்ந்த துவாயை மடித்து வைத்தால் மறுநாள் ஒரு புளித்த வாடை வரும், எந்த சென்ட்டும் அதை மறைக்காது. சூடான துவாயை முகத்தில் போட்டவுடன் முதலில் மூக்குக்குத்தான் அது தெரியும். சொல்ல மாட்டார்கள், நன்றாயிருந்தது மிஸ் என்று சொல்லிவிட்டுப் போய், அடுத்த முறை வேறு இடத்துக்குப் போவார்கள். ஆகவே துவாய் காயப்போட இடம் எங்கே என்பதை வாடகை பேசும்போதே கேளுங்கள். மாடியில் தகரம் போட்ட இடமிருந்தால் அதில் ஒரு கொடி உங்களுக்கு என்று எழுதி வாங்குங்கள். அப்படியும் மூன்று நாளைக்கு வரும் அளவு, முப்பது துவாயாவது கையிருப்பு வேண்டும். பெட்டுக்குத் துணி விரிப்பை விட்டுவிட்டுப் பேப்பர் ரோல் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் என்றால் குளிரையும் கணக்கில் சேருங்கள். முகத்தில் போட்ட பேக் காய நேரம் எடுக்கும், வெக்ஸ் உருக நேரம் எடுக்கும், ஒரு மணி நேர வேலை ஒன்றேகாலாகும். ஹீட்டர் போடாமல் காலடியில் ஒரு சுடுதண்ணீர்ப் பையை வைத்து, கம்பளியால் மூடிவிடுங்கள். கிளென்சிங் மில்க் போத்தலையும் சுடுதண்ணீரில் சற்று வைத்துவிட்டு முகத்தில் பூசினால் ஆள் திடுக்கிடாது.

கரண்ட் பில்

இதில்தான் அதிகம் மனஸ்தாபம் வருகிறது. ஸ்டீமர்தான் கரண்ட் தின்கிறது என்று சலூன்காரர் சொல்வார். மெஷினின் பின்னால் எழுதியிருக்கும் வொட் எண்ணைப் பாருங்கள். 1,000 வொட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 750 வொட் ஸ்டீமரைப் பத்து நிமிடம் போட்டால், எட்டுப் பேருக்குச் செய்த பிறகுதான் ஒரு யூனிட் ஆகும். 2,000 வொட் ரூம் ஹீட்டரோ ஒரு மணி நேரத்திலேயே இரண்டு யூனிட். 3,000 வொட் கீசர் இருபது நிமிடத்தில் ஒன்று. கடை மீட்டரில் பாவனை ஓர் அளவைத் தாண்டினால் யூனிட் விலையே கூடிவிடும் என்பதால் யார் தாண்ட வைத்தது என்ற சண்டையும் வரும். உங்கள் அறைக்கு மட்டும் தனியாக ஒரு சப் மீட்டர் போட்டுவிடுங்கள். போட முடியாவிட்டால் மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையைப் பேசி முடியுங்கள். "பில்லில் மூன்றில் ஒன்று" என்பதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

எழுத்து

முதலில் கேட்கவேண்டியது: கட்டடம் சலூன்காரருடையதா, அவரும் வாடகைக்கா? அவரும் வாடகைக்கு இருந்தால், அறையை இன்னொருவருக்குக் கொடுக்கக் கட்டடச் சொந்தக்காரர் எழுத்தில் சம்மதித்திருக்கிறாரா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அவரோடு சேர்த்து உங்களையும் வெளியே போகச் சொல்வார்கள். முற்பணமாகக் கட்டிய கீ மணிக்கு யாரிடம் போய் நிற்பீர்கள்?

நம் நாட்டில் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை சட்டப்படி செல்லவேண்டும் என்றால் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு கையெழுத்தாகவேண்டும். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் அப்படித்தான் சொல்கிறது. வருடக் கணக்கில் அறை எடுத்து, பேசின் பொருத்தி, டைல்ஸ் பதிக்கப் போகிறவர் நொத்தாரிசுக்குக் காசு செலவழிப்பதில் கஞ்சத்தனம் பார்க்கவேண்டாம். மாதா மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்கள்கூட ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்: தொகை, திகதி, முற்பணம் எவ்வளவு, எத்தனை நாள் முன்கூட்டிச் சொல்லி விலகலாம், விலகும்போது எந்தச் சாமான் யாருடையது, சாவி யார் யாரிடம். அறையைப் போனில் நாலு பக்கமும் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அவருக்கே அனுப்பிவிடுங்கள், திகதியோடு நிற்கும்.

சலூனுக்கு நகர சபை அல்லது பிரதேச சபை வியாபார உரிமம் இந்த வருடத்துக்குப் புதுப்பித்திருக்கிறதா என்று சுவரில் பாருங்கள். பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் உங்கள் அறையையும் பார்ப்பார். சொந்தப் பெயரில் போர்ட் போடுவதாக இருந்தால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியவேண்டும். என்.வி.கியூ (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் இருந்தால் பிரேம் போட்டு மாட்டுங்கள். விலை பேசும்போது உதவும்.

கொமிஷனுக்கு இருக்கும்போது சாமான் கடையுடையது என்பதில் ஓர் ஆபத்து உண்டு. லேபல் இல்லாத டப்பாவில் வெள்ளையாக்கும் கிரீம் வைத்திருந்தால் கையில் எடுக்காதீர்கள். அவற்றில் பாதரசம் கலந்து விற்பவர்கள் இருக்கிறார்கள். முகம் எரிந்துபோனால் கடைப் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள், "அந்தப் பிள்ளை பூசியதுதான்" என்பார்கள்.

கல்யாணப் பெண்ணும் போன் நம்பரும்

விடியச் சாமம் மூன்று மணிக்கு வேன் பிடித்து, தோட்டத்து ரோட்டில் குலுங்கிக் குலுங்கிப் போய், லயத்துக் காம்பராவில் ஒற்றை பல்ப் வெளிச்சத்தில் பெண்ணுக்கு அலங்காரம் செய்கிறீர்கள். அறை சலூனுடையது, வேலை வெளியே நடந்தது. இதிலும் பாதி கேட்பார்கள். என் நியாயம் இது: பெண் வீட்டார் உங்களைத் தேடி வந்திருந்தால் சலூனுக்கு ஒன்றுமில்லை, கடை போனுக்கு வந்து, கடை உங்களிடம் கொடுத்த வேலை என்றால் நூற்றுக்குப் பத்து. வேன் காசைக் கழித்த பிறகுதான் கணக்கு. புக்கிங் காசை யார் வாங்கினாலும் உங்கள் கொப்பியிலும் ஏறவேண்டும், ஏனென்றால் கல்யாணம் தள்ளிப்போனால் பெண்ணின் அம்மா உங்கள் வீட்டுக்குத்தான் வருவார்.

நம்பர்கள் விஷயத்தில் வெட்கப்படாமல் பேசுங்கள். நீங்கள் கூட்டி வந்த கஸ்டமர் உங்களுடையவர், கடைக்கு வந்து உங்களிடம் விடப்பட்டவர் கடையுடையவர். உள்ளே போகும்போதே ஏற்கெனவே இருக்கும் உங்கள் கஸ்டமர்களின் பெயர்களை எழுதி ஒரு பிரதியை மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டால் பின்னால் பேச்சு வராது.

இன்னும் தீர்மானிக்க முடியவில்லை என்றால் மாத வாடகையை விட்டுவிட்டு நாள் வாடகை கேளுங்கள். சனி, ஞாயிறு மட்டும், ஒரு நாளைக்கு இவ்வளவு என்று. இரண்டு மூன்று மாதம் அப்படிச் செய்தால் நாளுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பது கொப்பியிலேயே தெரிந்துவிடும். பத்தாம் திகதிக்கு அடுத்த சனி, ஞாயிறும் அதில் அடங்குமா என்பதை மறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நாளுக்கு மட்டும் வாடகை கூட என்பார்கள், கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் கட்டுப்படியாகும்.